குற்றத்தில் மனக்கூறு: இரங்கூன் உயர் நீதிமன்றத்தின் 1936ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அதன் பின்புலமும்

முன்னுரை

ஒருவர் கையால் செய்த செயலை மட்டும் கொண்டு அவரைக் குற்றவாளி என்று முடிவு செய்தல் ஆகாது. அச்செயலின்போது அவர் மனம் எந்நிலையில் இருந்தது என்பதும் ஆராயப்படல் வேண்டும். இக்கொள்கையை ஆங்கிலச் சட்ட மரபு ‘மென்ஸ் ரியா’ என்னும் இலத்தீன் தொடரால் குறிக்கும். தமிழில் இது ‘குற்ற மனம்’ என்று வழங்கும். கருத்து, அறிவு, நம்பிக்கை, கவனமின்மை ஆகிய பல நிலைகளையும் ஒருங்கே சுட்டுவதற்காக இக்கட்டுரை ‘மனக்கூறு’ என்னும் சொல்லைக் கையாளுகிறது.

மனக்கூறு பற்றிய வினாக்கள் இரண்டு. குற்றம் ஒவ்வொன்றுக்கும் எத்தகைய மனநிலை இருத்தல் வேண்டும் என்பது முதலாவது. அம்மனநிலை இருந்ததா என்பதில் ஐயம் எழுந்தால் அதன் பயன் யாரைச் சேரும் என்பது இரண்டாவது. முதல் வினாவுக்கு 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத் தொகுப்பு விரிவாக விடை கூறியது. இரண்டாம் வினா நெடுங்காலம் தெளிவு பெறாதிருந்து, 1936இல் இரங்கூன் உயர் நீதிமன்றத்தின் முழு ஆயத்தால் விடை பெற்றது. அவ்விடையை வங்காள விரிகுடாவின் கரைகளில் இருந்த பிற நீதிமன்றங்கள் ஒரே விதமாக ஏற்கவில்லை. முதல் வினாவின் விடை எத்துணை நுட்பமானதாயினும் இரண்டாம் வினாவின் விடையே அதற்கு உயிரளிக்கிறது என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கம். இன்று யாங்கோன் என வழங்கும் நகரம், அதன் ஆட்சிக்கால வழக்கை ஒட்டி, முற்காலச் செய்திகளில் இரங்கூன் என்றே குறிக்கப்பெறுகிறது.

1. அம்பும் நுந்தா விளக்கும்

மனக்கூறு பற்றிய உணர்வு ஆங்கிலேயர் வருகையோடு தமிழருக்கு வாய்த்ததன்று. சோழர் காலக் கல்வெட்டுகள் சில, வேட்டையின்போது விலங்கை நோக்கி எய்த அம்பு தவறி மனிதர் மேல் பாய்ந்து உயிர் போன நிகழ்ச்சிகளைக் கூறுகின்றன. அத்தகைய நேர்வுகளில் ஊராரும் நாட்டாரும் கூடி ஆராய்ந்து, எய்தவன் சாக வேண்டியதில்லை என முடிவு செய்து, இறந்தவன் பொருட்டுக் கோயிலில் நுந்தா விளக்கு ஒன்று எரிக்குமாறு பணித்தனர். ஒரு விளக்குக்கு நெய் வழங்கப் பெரும்பாலும் 96 ஆடுகள் விடப்பெற்றன. இவை ‘சாவா மூவாப் பேராடு’ என்று வழங்கின. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் தம் ‘சோழர்கள்’ நூலில் இவ்வழக்கத்தை எடுத்துக்காட்டியுள்ளார்.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. உயிர் போயிற்று என்னும் விளைவு மறுக்கப்படவில்லை. அதற்கு ஈடு வாங்கப்பட்டது. ஆயின் கொல்லும் கருத்து இல்லாமையால் கொலைக்குரிய தண்டனை விதிக்கப்படவில்லை. விளைவும் கருத்தும் தனித்தனியே எடைபோடப்பட்டன.

சோழ நாட்டுக்கும் பர்மாவுக்கும் இடையே இதே பொருளில் வேறொரு தொடர்பும் உண்டு. பௌத்தத் துறவியரின் ஒழுக்க நூலாகிய விநயம், மனிதக் கொலையைத் துறவுநிலையே இழக்கச் செய்யும் நான்கு பெருங்குற்றங்களில் மூன்றாவதாக வைக்கிறது. அக்குற்றம் நிகழ்வதற்கு அறிந்து கருதிச் செய்தல் இன்றியமையாதது. கருதாமல் செய்தவருக்கும் அறியாமல் செய்தவருக்கும் சித்தம் பேதலித்தவருக்கும் அக்குற்றம் இல்லை. துணி மூடியிருந்த இருக்கையின்மீது துறவி ஒருவர் அமர, அதனடியில் கிடந்த குழந்தை இறந்தது என்பது விநயம் கூறும் வழக்குகளுள் ஒன்று. அவர் கொலைக் குற்றத்திலிருந்து நீக்கப்பட்டார். ஆயினும் பாராமல் அமர்தல் சிறு குற்றம் என்று விதி செய்யப்பட்டது. கருதிச் செய்ததும் கவனமின்றிச் செய்ததும் வெவ்வேறு தட்டில் வைக்கப்பட்டமைக்கு இது தெளிவான சான்று.

இவ்விநயத்தைச் சுருக்கிச் செய்யுளாக்கிய ‘விநயவிநிச்சயம்’ என்னும் பாலி நூலை இயற்றியவர் உறையூரைச் சார்ந்தவராகக் கருதப்படும் புத்ததத்தர். அந்நூல் சோழ நாட்டுப் பூதமங்கலத்து விகாரத்தில் எழுதப்பட்டது. விநயத்துக்கு ‘விமதிவிநோதனி’ என்னும் விளக்கவுரை எழுதிய காசியபரும் சோழ நாட்டினரே. பர்மாவில் எழுந்த ‘கந்தவம்சம்’ என்னும் நூல் வரலாறு இவ்விருவரையும் ஆசிரியர் வரிசையில் வைத்துப் போற்றுகிறது. 1954 முதல் 1956 வரை இரங்கூனில் நடந்த ஆறாம் சங்காயனத்தை ஒட்டிய பதிப்பு வரிசையிலும் இந்நூல்கள் இடம்பெற்றன. காவிரிக் கரையில் மனக்கூறு பற்றி எழுதப்பட்டவை ஐராவதிக் கரையில் பாடமாக ஓதப்பட்டன என்பது தமிழாய்வில் இன்னும் உரிய இடம் பெறாத செய்தியாகும்.

இம்மரபுகளிலிருந்து ஆங்கிலேயச் சட்டம் எதையும் கடன் பெறவில்லை. ஆயினும் அச்சட்டம் வந்தபோது, கருத்தைக் கொண்டு குற்றத்தை அளக்கும் முறை இங்குள்ள மக்களுக்கு அயலானதாக இருக்கவில்லை.

2. தண்டனைச் சட்டத் தொகுப்பும் மனக்கூறும்

மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் வரைவு செய்த தண்டனைச் சட்டத் தொகுப்பு 1860 அக்டோபர் 6இல் சட்டமாகி, 1862 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இரங்கூன் 1852ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலேயர் வசமாகியிருந்தது. கீழ்ப் பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதியாதலால் இத்தொகுப்பே அங்கும் ஆட்சி செய்தது.

‘மென்ஸ் ரியா’ என்னும் தொடர் இத்தொகுப்பில் ஓரிடத்தும் இல்லை. அதற்கு மாறாக ஒவ்வொரு குற்றத்தின் வரையறையிலும் அதற்குரிய மனச்சொல் பதிக்கப்பட்டுள்ளது. கருதி, அறிந்து, நேர்மையின்றி, வஞ்சகமாக, தன்விருப்பத்துடன், நம்புதற்குக் காரணம் இருந்து என்பன அச்சொற்கள். ‘நேர்மையின்றி’ என்பதை 24ஆம் பிரிவு விளக்குகிறது: ஒருவருக்கு முறையற்ற ஆதாயமோ மற்றொருவருக்கு முறையற்ற இழப்போ விளைவிக்கும் கருத்துடன் செய்வது. பொதுவிலக்குகள் என்னும் இயல் மனக்கூறு இல்லாத நிலைகளைத் தொகுத்துரைக்கிறது. பொருண்மை பற்றிய தவறான நம்பிக்கை 79ஆம் பிரிவிலும், தற்செயல் விபத்து 80ஆம் பிரிவிலும், 7 வயதுக்குட்பட்ட சிறார் 82ஆம் பிரிவிலும், மனநலம் குன்றியோர் 84ஆம் பிரிவிலும் இடம்பெறுகின்றனர்.

299ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்று சோழர் கல்வெட்டை நினைவூட்டுகிறது. கோழியைச் சுட்டுத் திருடக் கருதி ஒருவன் சுடுகிறான். புதருக்குப் பின் இருந்த ஒருவர் இறக்கிறார். அவர் அங்கிருப்பது சுட்டவனுக்குத் தெரியாது. அவன் செய்ய முனைந்தது சட்டத்துக்கு மாறான செயலே; ஆயினும் மரணம் விளைவித்த குற்றம் அவனைச் சாராது. கோழி திருடுபவனின் கெட்ட எண்ணத்தை மனிதனைக் கொல்லும் எண்ணமாக மாற்றிக் கணக்கிடச் சட்டம் மறுக்கிறது. பொதுவாகத் தீயவன் என்பது போதாது; குறித்த குற்றத்துக்குரிய குறித்த மனநிலை வேண்டும்.

அறநூலுக்கும் சட்டத்துக்கும் உள்ள வேறுபாடும் இங்கு நினைக்கத்தக்கது. திருக்குறளின் கள்ளாமை அதிகாரம் களவை எண்ணுதலையே குற்றமாகக் காண்கிறது. தண்டனைச் சட்டமோ எண்ணத்தைத் தனியே தண்டிப்பதில்லை. எண்ணமும் செயலும் ஒன்றுசேரும் இடத்திலேயே அது குற்றத்தைக் காண்கிறது.

3. முகவரும் கூலியாளும்

1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இரங்கூனின் மக்கள்தொகை ஏறத்தாழ 4,00,000. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். தமிழர், தெலுங்கர், வங்காளியர், இந்துஸ்தானியர் எனப் பலரும் அதில் அடங்குவர். மொகல் தெருவில் நகரத்தார் கடைகள் இருந்தன. துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் கூலியாட்கள் உழைத்தனர். மனக்கூறு இவ்விரு பிரிவினருக்கும் ஒரே அளவில் காப்பளிக்கவில்லை.

நகரத்தார் தொழில்முறையில் முதலாளி செட்டிநாட்டில் இருக்க, முகவர் கடல் கடந்து சென்று மூன்றாண்டுக் கணக்கில் கடையை நடத்துவது வழக்கம். பர்மாவில் நகரத்தார் ஈடுபடுத்திய தொகையை 1929–30ஆம் ஆண்டின் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இத்துணைப் பெருந்தொகை பிறர் கையில் இருக்கும்போது, இழப்பு நேர்ந்தால் அது நம்பிக்கை மோசடியா, தொழில் முடிவின் தவறா என்னும் வினா எழுதல் இயல்பு. 405ஆம் பிரிவின் இரண்டு எடுத்துக்காட்டுகள் இவ்வினாவுக்கென்றே எழுதப்பட்டவை போன்றன. தில்லியில் இருப்பவர் கல்கத்தாவிலுள்ள தம் முகவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் அனுப்பி, அதனை அரசுப் பத்திரத்தில் இடச் சொல்கிறார். முகவர் நேர்மையின்றி அப்பணத்தைத் தம் தொழிலில் போட்டால் அது குற்றம். வங்காள வங்கிப் பங்குகளில் இடுவதே முதலாளிக்கு நன்மை என நல்லெண்ணத்துடன் நம்பி, கட்டளையை மீறி அவ்வாறு செய்தால், முதலாளிக்கு இழப்பு நேரினும் அது குற்றமன்று; உரிமையியல் வழக்குக்கே உரியது. இரண்டு முகவரும் கட்டளையை மீறினர். அவர்களைப் பிரிப்பது மனக்கூறு ஒன்றே.

முன்பணம் பெற்றவர் பற்றியும் தொகுப்பு இவ்வாறே கூறுகிறது. 415ஆம் பிரிவின் எடுத்துக்காட்டின்படி, அவுரி தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்குபவர், வாங்கும்போதே தரும் எண்ணம் இல்லாதவராக இருந்தால் ஏமாற்றுக் குற்றம் செய்தவராவார். வாங்கும்போது தரும் எண்ணம் இருந்து, பின்னர் ஒப்பந்தத்தை முறித்தவர் குற்றவாளியாகார். எந்த நேரத்து மனநிலை என்பதும் இவ்வாறு வரையறுக்கப்பட்டது.

ஆயின் கூலியாளுக்கு வேறொரு சட்டம் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் 1859ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் தன் முன்னுரையில் முன்பணம் பெற்ற தொழிலாளரின் வஞ்சக மீறலைத் தடுப்பதே நோக்கம் என்று கூறிற்று. ஆனால் அதன் செயற்பிரிவு வஞ்சகத்தை மெய்ப்பிக்குமாறு கேட்கவில்லை. தக்க காரணமின்றி வேண்டுமென்றே வேலையை மறுத்தால் போதும்; நீதித்துறை நடுவர் பணத்தைத் திருப்பித் தரவோ வேலையை முடிக்கவோ ஆணையிடலாம்; ஆணைக்கு இணங்காதவரை மூன்று மாதம் வரை கடுங்காவலில் வைக்கலாம். வணிகருக்கு உரிமையியல் வழக்காக இருந்த அதே ஒப்பந்த மீறல் தொழிலாளருக்குச் சிறைக்கு வழியாயிற்று. மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்து ஆள்சேர்த்த காலத்தில் இவ்வேறுபாடு சிறியதன்று. இச்சட்டம் 1925இல் நீக்கப்பட்டு, அந்நீக்கம் 1926 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்தது. மனக்கூறு சட்டத்தில் இருத்தல் மட்டும் போதாது, யாருக்கு அது மறுக்கப்படுகிறது என்பதையும் நோக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

4. நம்பிக்கையும் கருத்தும்: சென்னை வழக்கு

மனக்கூறு எத்துணைக் கண்டிப்பாகக் கொள்ளப்பட்டது என்பதை 1919இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு ஆயம் தீர்த்த பழனி கவுண்டன் வழக்கு காட்டுகிறது. கணவன் கலப்பைக் கொழுவால் மனைவியின் தலையில் அடித்தான். அவள் நினைவிழந்தாள். இறந்துவிட்டாள் என்று நம்பிய அவன், தற்கொலை போலத் தோன்றச் செய்யும்பொருட்டு அவளைக் கயிற்றில் தொங்கவிட்டான். அவள் உயிர் அப்போதுதான், கயிற்றால், போயிற்று. அடித்தபோது கொல்லும் கருத்து இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. தொங்கவிட்டபோது அவன் மனத்தில் இருந்தது பிணம். உயிருள்ள மனிதர் அல்லர். ஆதலின் கொலைக் குற்றம் இல்லை எனவும் கொடுங்காயம் விளைவித்த குற்றமே உண்டு எனவும் முழு ஆயம் கூறிற்று.

கேட்போர் மனம் எளிதில் ஏற்காத முடிவு இது. முதற் செயலிலேயே கொல்லும் கருத்து இருந்து, இறந்ததாக நம்பி உடலைக் கிணற்றில் எறிந்தபோது உயிர் போன தவமணி வழக்கில், 1943இல் அதே நீதிமன்றம் அது கொலையே என்றது. இரண்டு வழக்குகளையும் அடுத்தடுத்து வைத்தால், நீதிபதிகள் இரக்கத்தாலோ சினத்தாலோ முடிவு செய்யவில்லை என்பதும், எந்தச் செயலோடு எந்தக் கருத்து இணைந்திருந்தது என்பதையே தேடினர் என்பதும் விளங்கும்.

5. ஐயத்தின் பயன்: 1936ஆம் ஆண்டுத் தீர்ப்பு

மனம் கண்ணால் காணும் பொருளன்று. பிறர் மனத்தைச் செயலாலும் சொல்லாலும் சூழலாலும் உய்த்துணர வேண்டியுள்ளது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் இதற்கு வழி செய்தது. நோக்கம், முன்னேற்பாடு, நடத்தை ஆகியவற்றை 8ஆம் பிரிவும், கருத்து, அறிவு, நல்லெண்ணம், கவனமின்மை, பகை முதலிய மனநிலைகளைக் காட்டும் செய்திகளை 14ஆம் பிரிவும் சாட்சியத்தில் ஏற்கின்றன. சிக்கல் 105ஆம் பிரிவில் எழுந்தது. பொதுவிலக்கு ஒன்றை ஒருவர் தமக்குச் சார்பாகக் கூறினால், அதனை மெய்ப்பிக்கும் சுமை அவரையே சாரும். அத்தகைய சூழல் இல்லை என்று நீதிமன்றம் ஊகித்துக் கொள்ளும் என்கிறது அப்பிரிவு. மனநலக் குறைவால் தம் செயலின் தன்மையை அறியவில்லை என்று கூறுபவரே அதன் முதல் எடுத்துக்காட்டு.

சுமையை முற்றும் நிறைவேற்ற இயலாமல், ஆயினும் நீதிமன்றத்தின் மனத்தில் ஐயத்தை எழுப்பிவிட்டவரின் நிலை என்ன? எழுத்துப்படி கொண்டால் அவர் தண்டிக்கப்பட வேண்டும். அப்படியானால் கொல்லும் கருத்து இருந்ததா என்று ஐயுற்றுக்கொண்டே நீதிமன்றம் ஒருவரைத் தூக்குமேடைக்கு அனுப்ப நேரும்.

1935இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை உல்மிங்டன் வழக்கில் இவ்வினாவை ஆங்கிலச் சட்டத்துக்குத் தீர்த்தது. தன் மனைவியைச் சுட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞன் துப்பாக்கி தற்செயலாக வெடித்தது என்றான். தற்செயல் என்பதை அவனே மெய்ப்பிக்க வேண்டும் என்று விசாரணை நீதிபதி ஆயத்தாருக்குக் கூறியிருந்தார். அது பிழை எனவும், குற்றத்தை ஐயத்துக்கு அப்பால் மெய்ப்பிக்கும் கடமை என்றும் அரசுத் தரப்பினுடையதே எனவும் அவை தீர்ப்பளித்தது. இக்கொள்கையை ஆங்கிலக் குற்றவியலின் வலையெங்கும் ஓடும் பொன்னிழைக்குச் சாங்கி பிரபு ஒப்பிட்டார்.

இங்கிலாந்தில் 105ஆம் பிரிவு போன்ற எழுத்துச் சட்டம் இல்லை. அப்பிரிவு உள்ள நாட்டில் இப்பொன்னிழை ஓடுமா என்னும் வினா அடுத்த ஆண்டே இரங்கூன் உயர் நீதிமன்றத்தின் முழு ஆயத்தின் முன் வந்தது. 1922இல் நிறுவப்பெற்ற அந்நீதிமன்றம், பான்சோடன் தெருவில் மணிக்கூண்டுடன் இன்றும் நிற்கும் செங்கற் கட்டடத்தில் இயங்கியது. பேரரசர் எதிர் தம்மபாலா என்னும் அவ்வழக்கில் ஆயம் கூறிய விடை இது: உல்மிங்டன் தீர்ப்பின் கொள்கை இந்தியச் சட்டத்தோடு முரண்படவில்லை. விலக்கை மெய்ப்பிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவரைச் சாரும் என்பது உண்மையே. ஆயினும் சாட்சியம் முழுவதையும் ஒருங்கே நோக்கும்போது அவர் குற்றம் செய்தாரா என்பதில் நியாயமான ஐயம் எழுமானால் அவர் விடுதலைக்கு உரியவர். சுமை தவறியது என்பதைக் காரணமாக்கி அவ்வையத்தை ஒதுக்குதல் ஆகாது.

1937 ஏப்பிரல் 1இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. ஆயினும் தீர்ப்பு கடலைக் கடந்து சென்றது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முழு ஆயம் 1941இல் பிரபூ வழக்கில் அதே நெறியை மேற்கொண்டது. கொழும்பில் நேர்ந்தது வேறு. இலங்கைச் சாட்சியச் சட்டத்திலும் 105ஆம் பிரிவு அதே எண்ணில் அதே கருத்தில் உண்டு. எனினும் 1942இல் சந்திரசேகர வழக்கில் இலங்கைக் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இரங்கூன், அலகாபாத் நெறியை ஏற்க மறுத்தது. 1970ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான ஜயசேன வழக்கில் பிரிவி கவுன்சிலும் கொழும்பின் பக்கமே நின்றது. எழுத்துச் சட்டம் தெளிவாக இருக்கும் இடத்தில் ஆங்கிலப் பொதுச்சட்டக் கொள்கையைப் புகுத்தலாகாது என்பது அதன் காரணம்.

விடுதலை பெற்ற இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 1961இல் நானாவதி வழக்கிலும் 1964இல் தாஹ்யாபாய் வழக்கிலும் இரு நெறிகளையும் இணைக்க முயன்றது. விலக்கை மெய்ப்பிப்பவர் உரிமையியல் வழக்கில் வேண்டப்படும் அளவுக்கு மெய்ப்பித்தால் போதும். அதுவும் இயலாமற் போயினும், அவர் தந்த சாட்சியம் கருத்து முதலான குற்றக் கூறுகளைப் பற்றி ஐயம் எழுப்பினால் அதன் பயன் அவருக்கே. பின்னது இரங்கூன் நெறியின் சாரமாகும்.

ஒரே பிரிவு, ஒரே சொற்கள். ஆயினும் ஐயத்துக்கு இடமான அதே சாட்சியம் இரங்கூனில் விடுதலைக்கும் கொழும்பில் தண்டனைக்கும் வழியாகலாம் என்னும் நிலை உருவாயிற்று. மனக்கூறு பற்றிய சட்டம் அதன் வரையறையில் முடிவதில்லை என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் வரலாறு அரிது.

6. சொல்லும் மனமும்

மனக்கூறு நீதிமன்றத்தை அடையும் வழி மொழியே. இரங்கூன் உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். நகர மக்கள் பேசியவை பர்மியமும் தமிழும் தெலுங்கும் பிறவும். 304ஆம் பிரிவு கருத்துடன் விளைவித்த மரணத்துக்கும், மரணம் நேரக்கூடும் என்னும் அறிவுடன் விளைவித்த மரணத்துக்கும் வெவ்வேறு தண்டனை வகுத்துள்ளது. முன்னதற்கு ஆயுள் தண்டனை வரை செல்லலாம். பின்னதற்கு 10 ஆண்டே எல்லை. தமிழ்ப் பேச்சு வழக்கிலோ ‘தெரிந்தே செய்தான்’ என்பது அறிந்து செய்தமையையும் கருதிச் செய்தமையையும் ஒருங்கே குறிக்கும். இத்தொடரை மொழிபெயர்ப்பவர் எந்த ஆங்கிலச் சொல்லைத் தேர்கிறார் என்பதிலேயே தண்டனையின் எல்லை மாறக்கூடும்.

பர்மிய மொழியிலும் இத்தகைய நுட்பம் உண்டு. விநயத்திலும் அபிதம்மத்திலும் ‘சேதனா’ என்பது நன்மை தீமை இரண்டுக்கும் பொதுவாகிய கருதுதல். அன்றாடப் பர்மியத்தில் அச்சொல் நல்லெண்ணம் என்னும் பொருளில் வழங்குகிறது. சட்டச் சொல்லின் வரையறையும் மக்கள் வழக்கின் பொருளும் விலகும் இடங்களில் மனக்கூறு பிழைபட உணரப்படும் வாய்ப்பு மிகுதி. சட்டத் தமிழாக்கத்தில் ஈடுபடுவோர் ‘கருத்து’, ‘அறிவு’, ‘நோக்கம்’ ஆகிய மூன்றையும் ஒன்றுக்கு மற்றொன்றாக ஆளாதிருத்தல் மொழித்தூய்மை கருதி மட்டுமன்று, மனிதர் விடுதலை கருதியும் வேண்டப்படுவது.

7. இன்றைய யாங்கோன்

1962க்குப் பின் பர்மாவின் நீதித்துறை பெரும் மாற்றங்களுக்கு உள்ளாயிற்று. 1970களில் சட்டம் பயிலாத மக்கள் நீதிபதிகள் இருக்கையில் அமர்த்தப்பட்டனர். ஆயினும் 1860ஆம் ஆண்டின் தொகுப்பு மாறவில்லை. இந்தியா 2024 சூலை 1 முதல் அத்தொகுப்பையும் சாட்சியச் சட்டத்தையும் நீக்கிப் புதியனவற்றை நடைமுறைப்படுத்திய பின்னும், யாங்கோனில் 299ஆம் பிரிவு 299ஆம் பிரிவாகவே இருக்கிறது.

சொற்கள் நிலைத்தன; அவற்றை அளக்கும் முறை நிலைத்ததா என்பதே வினா. 1927இல் சேர்க்கப்பட்ட 295அ பிரிவு சமய உணர்வைப் புண்படுத்தலைத் தண்டிப்பது. அது கருத்துரிமையை நெரித்துவிடலாகாது என்பதற்காகவே ‘வேண்டுமென்று, தீய கருத்துடன்’ என்னும் இரட்டை மனச்சொல் அதில் இடப்பட்டது. 2014 டிசம்பரில் யாங்கோனிலுள்ள மதுக்கூடம் ஒன்றின் விளம்பரத்தில் புத்தர் உருவம் காதொலிப்பானுடன் காட்டப்பட்டது. புண்படுத்தும் கருத்து இல்லை என்று மேலாளர் கூறினார், மன்னிப்பும் கேட்டிருந்தார். 2015 மார்ச்சில் நகர்ப்பகுதி நீதிமன்றம் அவரும் உடனிருந்த இருவரும் கருதியே செய்தனர் என முடிவு செய்து, ஒவ்வொருவருக்கும் இரண்டரை ஆண்டு கடுங்காவல் விதித்தது. விளம்பரம் பலரைப் புண்படுத்தியது என்பதில் ஐயமில்லை. அவ்விளைவிலிருந்தே தீய கருத்தையும் ஊகித்துக்கொள்ளலாம் எனில், சட்டம் இட்ட இரட்டைச் சொல்லுக்கு வேலை இல்லாமற் போகிறது.

2021 பிப்ரவரியில் இராணுவ ஆட்சி சேர்த்த 505அ பிரிவு மற்றொரு வழியில் செல்கிறது. மக்களிடையே அச்சம் விளைவித்தலையும் விளைவிக்கக் கருதுதலையும் அது ‘அல்லது’ என்னும் சொல்லால் இணைக்கிறது. முன்பகுதிக்குக் கருத்து வேண்டியதில்லை. பின்பகுதிக்கு விளைவு வேண்டியதில்லை. செயலும் கருத்தும் ஒன்றுசேரும் இடத்தில் குற்றத்தைக் கண்ட தொகுப்பினுள் இவை இரண்டையும் பிரித்துத் தனித்தனியே தண்டிக்கும் பிரிவு இவ்வாறு இடம்பெற்றது.

முடிவுரை

சோழர் கால ஊரவை அம்பு எய்தவனின் கருத்தை ஆராய்ந்து உயிர்த்தண்டனையை விலக்கியது. விநயம் இருக்கையில் பாராமல் அமர்ந்தவரைக் கொலையாளியாகக் கொள்ளவில்லை. 1860ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒவ்வொரு குற்றத்துக்கும் உரிய மனச்சொல்லை வரையறுத்தது. எனினும் 1859ஆம் ஆண்டுச் சட்டம் கூலியாளிடம் வஞ்சகத்தைத் தேடாமலே அவரைச் சிறையிலிட வழி வகுத்தது. 105ஆம் பிரிவைக் கண்டிப்பாகக் கொண்ட நீதிமன்றங்கள் ஐயத்தை எழுப்பியவரையும் தண்டிக்க இடமளித்தன. இவ்விடைவெளியை உணர்ந்து, மனம் பற்றிய ஐயம் அரசுக்கு ஆதாயமாகலாகாது என்று வகுத்தது இரங்கூன் முழு ஆயம்.

அத்தீர்ப்பு இந்தியச் சட்டத்தில் இன்றும் வாழ்கிறது. அது பிறந்த நகரில் அதன் சொற்களைத் தாங்கிய தொகுப்பு இருக்கிறது. ஐயத்தை மதிக்கும் வழக்கம் தளர்ந்திருக்கிறது. வரையறை எழுத்தில் தங்கும். ஐயத்தின் பயனை வழங்குவதோ இருக்கையில் அமர்வோரின் துணிவைப் பொறுத்தது. தமிழரும் பர்மியரும் தத்தம் பழைய நூல்களிலும் கல்லிலும் பொறித்து வைத்த நீதியுணர்வுக்கு இத்துணிவு புதியதன்று.